நிலத்தை விற்று மதுரையில் குடியேறலாமா? முடிவெடுக்கும் முன் ஒரு சுற்றுப்பயணம்

மதுரை மாவட்டத்தில், பிள்ளைகள் தலையெடுத்த விவசாயக் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. ‘இருக்கிற ரெண்டு ஏக்கரை வித்துட்டு மதுரையில மூணு சென்ட் வாங்கிக் குடிபோயிருவோமா?’ என்பதுதான் அது. மகன் சரி என்பான். மருமகள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துத் தலையசைப்பார். பெரியவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார். மாட்டையும் கன்றையும் யார் பார்ப்பது என்ற கவலை அப்பத்தாவுக்கு.

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்ற பழமொழியை இந்த இடத்தில் யாராவது எடுத்துப் போடுவது வழக்கம். அதன் முதல் சொல்லைக் கவனிக்க வேண்டும். கெட்டுப்போனவனுக்குப் பட்டணம் கதி என்கிறது பழமொழி. கையில் நிலமும் கிணறும் உள்ள குடும்பம் இன்னும் கெட்டுப்போகவில்லை. நிலத்தை விற்ற பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, அதே விலைக்கு அதே நிலத்தை யாராலும் வாங்க முடியாது. வாடகை வீட்டை மாற்றலாம், வேலையை மாற்றலாம், பள்ளியைக்கூட மாற்றலாம். விற்ற நிலத்தை மட்டும் மீட்க முடியாது. எனவே இந்த முடிவை, பேச்சோடு பேச்சாக எடுக்காமல், நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

கோட்டைச் சுவரிலிருந்து வெளிவட்டச் சாலை வரை

மதுரையின் தெருக்கள் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. கோயிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. ஒரு காலத்தில் இவற்றைச் சுற்றிக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களையொட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அரசிடம் பணம் குறைவு. ‘சுவரை இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கு அந்த இடம்’ என்று அறிவித்து மக்களைக் கொண்டே வேலையை முடித்தார். அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயர்கள்தான் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் நிற்கின்றன. வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவை. கோட்டை போனாலும் கீழவாசல், தெற்குவாசல் என்ற பெயர்கள் போகவில்லை.

அன்று தொடங்கிய விரிவு இன்னும் நிற்கவில்லை. 1971-இல் மாநகராட்சியான மதுரை, 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக வளர்ந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும், விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி போன்ற பேரூராட்சிகளும், சில ஊராட்சிகளும் அப்போது நகருக்குள் வந்தன. சுமார் 52 சதுர கி.மீ. பரப்பு, சுமார் 148 சதுர கி.மீ. ஆனது. ஏறத்தாழ மூன்று மடங்கு. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் 100-க்கு 60 பேர் நகர்ப்புறத்தில் வசித்தார்கள். தமிழகம் முழுவதும் பார்த்தால் இது 48 பேர்.

விரிந்த இடமெல்லாம் தரிசாகக் கிடந்த நிலமல்ல என்பதை ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. தல்லாகுளம், உலகனேரி, வண்டியூர்க் கண்மாய், செல்லூர்க் கண்மாய் என்று மதுரையின் வரைபடம் முழுக்க நீர்நிலைகள். உலகனேரியில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே வழக்குக்காக வருகிறவர்கள் ஏரியைப் பார்ப்பதில்லை.

தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர், பந்தல்குடி கால்வாயையொட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மதுரையில் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே சுமார் 850 மி.மீ. மழைதான். மழை குறைந்த ஊர்தான். ஆனால் அது மொத்தமாக ஒரு மாலையில் இறங்கும்போது, கண்மாய்க்கும் கால்வாய்க்கும் நடுவே வாங்கிய மனையின் உண்மையான விலை தெரிந்துவிடும்.

கீழடியில் கிடைத்த மாட்டெலும்பு

நகரம் வேறு, விவசாயம் வேறு என்ற எண்ணம் புதியது. மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி இருக்கிறது. அங்கே 2014-இல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. வைகைக் கரையில் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நகர வாழ்வுக்கான சான்றுகள் இவை. அதே குழிகளில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்தன. செங்கல் வீடு கட்டி, எழுதப் படிக்கத் தெரிந்து வாழ்ந்த அந்த மக்களிடம் மாடும் ஆடும் இருந்திருக்கின்றன.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வரலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு. ‘படித்தவன் மாட்டைத் தொடக் கூடாது’ என்று நினைக்கும் இளைஞர்களுக்கு அங்கே வேறு பாடமும் உண்டு.

நகரம் தருவதும் கேட்பதும்

நகரம் தருவதை மறைத்துப் பேசினால் நியாயமாகாது. அரசு ராஜாஜி மருத்துவமனை தென்மாவட்டங்களுக்கே ஆதாரம். நெஞ்சுவலி வந்தவருக்கும், பிரசவத்தில் சிக்கலான பெண்ணுக்கும் அரைமணி நேரத் தூரமும் இரண்டு மணி நேரத் தூரமும் ஒன்றல்ல. கல்லூரிகள், பயிற்சி மையங்கள், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை படிக்கும் பிள்ளைக்குப் பெரிய துணை. பட்டப்படிப்பு முடித்த பெண்ணுக்கு ஏற்ற வேலை கிராமத்தில் கிடைப்பது அரிது. நகரில் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஊர் ஒரே மாதிரி இருப்பதில்லை. சொந்த நிலமும் உறவும் உள்ளவருக்கு ஊர் தாய்மடி. சொந்தமாகக் கால் காணி நிலம்கூட இல்லாமல், எந்தத் தெரு என்று கேட்டே சாதியைக் கணக்கிடும் பார்வைக்கு நடுவே வளர்ந்தவருக்கு, நகரம் கொடுத்த நிம்மதியை ஊர் கொடுக்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் போனதைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ‘கிராமமே சொர்க்கம்’ என்று பொத்தாம் பொதுவாகப் பேசுவதால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

இனி, நகரம் கேட்பது. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர் உள்ள குடும்பம். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நகரில் வாடகை 7,000. மின்சாரம், எரிவாயு, குடிநீர் 2,000. அரிசி, பருப்பு, காய்கறி, பால் 8,000. பள்ளிச் செலவு 3,000. கூட்டினால் சரியாக 20,000. காய்ச்சலுக்கும், தீபாவளிக்கும், மொய்க்கும் மிச்சமில்லை. ஊரைவிட்டு வந்துவிட்டால் மொய் விட்டுவிடும் என்று நினைப்பவருக்கு மதுரைச் சீமையின் பழக்கம் தெரியவில்லை என்று பொருள்.

அதே வேலைக்கு, 20 கி.மீ. தூரத்தில் உள்ள சொந்த ஊரிலிருந்து இருசக்கர வாகனத்தில் போய்வந்தால்? பெட்ரோலும் பராமரிப்பும் 3,000, மின்சாரம், எரிவாயு 1,000, சொந்த அரிசியும் பாலும் போக மற்ற சாப்பாட்டுச் செலவு 5,000, பள்ளி 3,000. மொத்தம் 12,000. மாதம் 8,000 மிச்சம். இதற்கு விலை, தினமும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணமும், நான்குவழிச் சாலையில் இரவு நேர ஆபத்தும். உங்கள் குடும்பத்தின் எண்களைப் போட்டு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். வாயால் போடும் கணக்கில் வாடகை நினைவிருக்கும். பால் கணக்கு விட்டுப்போகும்.

2021 மே மாதம் முதல் அரசுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மதுரையின் நகரப் பேருந்துகள் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவற்றுக்கும் போகின்றன. ஜவுளிக்கடை, மருத்துவமனை, வீட்டுவேலை என்று தினமும் நகருக்குள் வரும் பெண்களுக்கு இது மாதச் செலவில் நல்ல குறைவு. ஊரில் இருந்துகொண்டே நகரில் சம்பாதிக்கும் வழியை இந்தப் பேருந்துகள் அகலப்படுத்தியிருக்கின்றன. மனை பார்க்கப் போகிறவர்கள், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மேற்கே: தண்ணீர் உறுதியான சோழவந்தான் பக்கம்

மதுரைச் சமவெளியில் எங்கே வாழலாம் என்ற கேள்வியைப் பெருமளவு தீர்மானிப்பது 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை. மேற்கே கேரளக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பினார் பொறியாளர் பென்னிகுயிக். 1959-இல் வைகை அணையும் வந்தது. பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பகுதி. அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கரும், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகப் பகுதி. அணை இருப்பைப் பொறுத்து, ஒரு போகத்துக்கு 120 நாட்கள் என்ற கணக்கில் தண்ணீர் விடுவார்கள்.

சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் என்று வைகையையொட்டிப் போனால் நெல், தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று கண் நிறைய பச்சை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரையிலிருந்து சுமார் 22 கி.மீ. தூரம். திண்டுக்கல் ரயில் பாதையில் நிலையமும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு நகரின் ஓரத்தில் வறண்ட மனையை வாங்குவது, கறவை மாட்டை விற்றுப் பால் கேன் வாங்குவதைப் போன்றது. ஆனால் இங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. கொடிக்காலுக்கு ஆள் கிடைப்பதில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வாரிசு வேலைக்குப் போய்விட்டால் நிலத்தைக் கவனிப்பது யார் என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. அதற்கு விற்பனை மட்டுமே விடையல்ல. தென்னை போன்ற வேலை குறைந்த பயிருக்கு மாறலாம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு குத்தகைக்கும் விடலாம். குத்தகைச் சட்டங்கள் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

வடகிழக்கே: விட்டுக்கொடுக்காத மேலூர்ப் பக்கம்

யானைமலையைத் தாண்டி ஒத்தக்கடை வழியாகப் போனால் மேலூர் சுமார் 30 கி.மீ. வழியில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி. மேலூருக்கு ரயில் கிடையாது; பேருந்து வசதி தாராளம். ஒருபோகப் பாசனத்தின் கடைமடை என்பதால், அணை நிறையாத ஆண்டில் முதல் அடி இங்கேதான். கண்மாயும் கிணறும் உள்ளவர் தப்பிப்பார்.

இந்தப் பக்கத்து மக்கள், ‘எங்கே வாழ்வது’ என்ற கேள்விக்கு நாடே பார்க்கும்படி ஒரு விடை சொன்னார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டேருக்கு மேற்பட்ட பகுதி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், தமிழி கல்வெட்டு, ஏராளமான சுனைகளும் கண்மாய்களும், சுமார் 250 வகைப் பறவைகள் உள்ள இடம். 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு வெளியானது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் பெருந்திரளாக மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த ஊர்வலத்தில் வந்தவர்களில் எல்லோரும் பெரிய நிலக்காரர்கள் அல்ல. ஆட்டுக்கு மேய்ச்சலும், கண்மாயில் மீனும், கழனியில் வேலையும் நம்பி வாழ்கிறவர்கள் நிறைய. இழப்பீடு வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போகும் வழியை அவர்கள் ஏற்கவில்லை. பட்டாவில் எழுதியிருப்பது நிலத்தின் பரப்பு மட்டுமே. சுனையும் மேய்ச்சலும் கோயிலும் ஒத்தாசையும் எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. நிலத்தை விற்கும் குடும்பம் விலை பேசும்போது, இந்த ஏறாத கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும்.

தெற்கும் தென்மேற்கும்: மல்லியும் மானாவாரியும்

திருமங்கலம், தே.கல்லுப்பட்டி பக்கம் கரிசல். பருத்தி, சோளம், மக்காச்சோளம், பயறு வகைகள். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி பக்கம் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும். 58 கிராமக் கால்வாயில் வைகை அணை நிறைந்தால்தான் தண்ணீர். இந்த வட்டாரங்களில் பல குடும்பங்களைத் தாங்குவது மல்லி. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, நகருக்கும் கிராமத்துக்கும் உள்ள உறவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. விடியுமுன் மொட்டு பறித்து, காலையிலேயே மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குப் போக வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டும். வரத்து பெருகினால் பறிப்புக் கூலிக்கும் கட்டாது. சந்தைக்கு ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில் வாழ்வது இந்தப் பயிருக்கு மூலதனம் போன்றது.

காய்கறிக்கும் இதே கதைதான். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் போட்டு, அடையாள அட்டை வாங்கி, நகரவாசிக்கு நேரடியாக விற்கும் விவசாயிக்கு நகரம் பக்கத்தில் இருப்பதே லாபம். அவர் நகருக்குள் குடியேறிவிட்டால் அந்த லாபம் வாடகையாகப் போய்விடும்.

உசிலம்பட்டி சுமார் 38 கி.மீ. தூரம். போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரை மீண்டும் ரயில் ஓடியது 2022 மே மாதத்தில். பத்தாண்டுக்கும் மேல். திருமங்கலம் அருகே தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி. 2022-இல் சேர்ந்த முதல் தொகுதி மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூரில் கட்டுமானம் வேகம் பிடித்ததே 2024-இல். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. மெட்ரோ ரயில் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக உண்டு.

இவையெல்லாம் வரக் கூடாதவை அல்ல, வந்தால் நல்லது. ஆனால் இவை ஒவ்வொன்றின் பெயரிலும் அந்தப் பக்கம் மனை விற்கிறார்கள். அடிக்கல்லுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு பிள்ளையின் பள்ளிப்படிப்பே முடிந்துவிடலாம். இன்று என்ன இருக்கிறதோ அதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.

நடுவழி: சிறு நகரங்கள்

மதுரையா, கிராமமா என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு தவிக்கத் தேவையில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி மூன்றும் நகராட்சிகள். மூன்றிலும் அரசு மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளிகள், வாரச்சந்தை அல்லது தினசரிச் சந்தை, வங்கி, வட்டாட்சியர் அலுவலகம் எல்லாம் உண்டு. சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் ஆகியவை பேரூராட்சிகள். வாடகை மதுரையைவிடக் குறைவு. காலையில் நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, வேலைக்கும் போகலாம்.

பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி முடிக்கும் வரை ஏழெட்டு ஆண்டுகள் சிறு நகரில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிறகு ஊருக்கே திரும்பும் குடும்பங்களும் உண்டு. நிலம் கையில் இருப்பதால்தான் அவர்களால் திரும்ப முடிகிறது.

உங்கள் ஊரே நகரமாகிவிட்டால்?

நீங்கள் போகாவிட்டாலும் நகரம் உங்களைத் தேடி வரலாம். ஓர் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. தெருவிளக்கு, சாலை, காலப்போக்கில் பாதாளச் சாக்கடை, குழாய்க் குடிநீர் ஆகியவை கிடைக்க வாய்ப்பு. ஆனால் 2011-இல் சேர்ந்த பகுதிகளிலேயே இந்த வசதிகள் எல்லாத் தெருக்களுக்கும் போய்ச் சேர ஆண்டுகள் ஆகின. மறுபக்கம், சொத்து வரி உயரும். கிராம சபை இல்லாமல் போகும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை ஊராட்சிப் பகுதிக்குத்தான். மாநகராட்சி வார்டுக்குக் கிடையாது. ஆடு மாடு வளர்ப்பதிலும் கட்டுப்பாடுகள் வரும். நிலம் உள்ளவருக்கு விலை ஏற்றம்; நிலமில்லாதவருக்கு வேலை இழப்பு. இணைப்பு பற்றிய பேச்சு எழும்போதே கிராம சபையில் கலந்துகொண்டு கேள்வி கேட்பது அவசியம்.

மனை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றையும் யோசித்து, நகரிலோ ஓரத்திலோ மனை வாங்குவதுதான் சரி என்று முடிவு செய்தால், கீழ்க்கண்டவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள்.

1. சர்வே எண்ணை வாங்கி, அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் பாருங்கள். அ-பதிவேட்டில் நீர்நிலை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

2. வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள். மூலப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

3. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை அல்லது உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் ஒப்புதல் எண் உள்ளதா என்று பாருங்கள். ஒப்புதலற்ற மனைகளின் பதிவுக்கு 2016-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, எத்தனையோ குடும்பங்களின் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

4. நஞ்சை நிலத்தை மனையாக மாற்ற, வேளாண்மைத் துறை உள்ளிட்ட துறைகளின் தடையின்மைச் சான்று தேவை. ‘பின்னால் வாங்கித் தருகிறோம்’ என்பதை நம்ப வேண்டாம்.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சித்திரையில் பார்த்த மனை கார்த்திகையில் வேறு மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

6. அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்களிடம் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, குடிக்க ஆகுமா என்று கேளுங்கள். தரகரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல.

முடிவெடுக்கும் முறை

நிலத்தோடு சேர்ந்து கைவிட்டுப் போகிறவற்றையும் பட்டியல் போட வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமர் கிசான் தொகை நிலம் உள்ளவருக்குத்தான். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, மானிய இயந்திரம் எல்லாம் நிலத்தோடு ஒட்டியவை. கிணற்றுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய இலவச மின் இணைப்பும் வாங்குபவருக்குப் போய்விடும்.

விற்றுத்தான் ஆக வேண்டிய கட்டாயம் சிலருக்கு உண்டு. கடன், மருத்துவம், பாகப்பிரிவினை என்று காரணங்கள் இருக்கும். அப்போதும் முழுவதையும் விற்காமல், கிணறு உள்ள பகுதியையும் பாதையுள்ள பகுதியையும் வைத்துக்கொண்டு மீதியை விற்கப் பாருங்கள். கிணறு இல்லாத மிச்ச நிலம் தரிசாகிவிடும்.

கட்டாயம் இல்லாதவர்கள் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். நிலத்தை அந்த ஓராண்டுக்கு உறவினரிடமோ வாரத்துக்கோ விடலாம். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் நகரில் கழித்தால் வருமானம், தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் உடல்நலம் நான்கும் தெளிவாகத் தெரிந்துவிடும். குறிப்பாகப் பெரியவர்களைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் வரப்பில் நடந்து பழகியவர், மாடி வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே நாள் முழுவதும் உட்கார்ந்தால் அவருக்கு நோய் சீக்கிரம் வரும்.

வீட்டுப் பெண்களின் சொல்லையும் சரிசமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிராமத்தில் சாணி அள்ளி, தண்ணீர் சுமந்து, களை எடுத்து, சமைக்கும் சுமை பெரும்பாலும் அவர்கள் தலையில். ‘மதுரைக்குப் போயிருவோம்’ என்று ஒரு மருமகள் சொன்னால், அதில் நகர மோகத்தைவிட இந்தச் சுமையின் களைப்பு அதிகம் இருக்கலாம். குழாய் இணைப்பு, வீட்டுக்குள் கழிப்பறை, புல் வெட்டும் கருவி, பால் கறக்கும் இயந்திரம் ஆகியவற்றால் அந்தச் சுமை குறையுமா என்று பாருங்கள். நிலத்தை விற்கும் அவசியமே இல்லாமல் போகலாம்.

ஓராண்டு வாழ்ந்து பார்த்த பிறகும் நகரமே நல்லது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தோன்றினால், தாராளமாகப் போகலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. அப்போதும் பிறந்த ஊரில் பத்து சென்ட்டாவது பெயரில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் எந்தக் காலத்தில் எதைத் தேடி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?